சண்டைக்கு முன்பே தோற்ற படை

கேள்வி: ஐயா, 1791-இல் அமெரிக்கப் படை பூர்வகுடிகளிடம் படுதோல்வி அடைந்ததாமே? பிரிட்டனையே விரட்டியவர்கள் எப்படித் தோற்றார்கள்?
– ஒரு வாசகர், பிறை, பினாங்கு

பதில்: பிரிட்டனை விரட்டிய படையைத்தான் அதற்குள் கலைத்துவிட்டார்களே தம்பி! நிரந்தரப் படை வைத்திருந்தால் நாளைக்கு நம் மேலேயே பாயும் என்ற பயம் ஒரு பக்கம், கஜானாவில் காசில்லை என்பது இன்னொரு பக்கம். அதனால் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே மயாமி, ஷானி மக்களின் நிலத்துக்குள் நுழைய ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் பிடித்தார்கள். மாதச் சம்பளம் 3 டாலர், அதிலும் துணிமணி, மருத்துவம் என்று 1 டாலர் பிடித்தம். இந்தக் கூலிக்கு யார் வருவார்கள்? வேறு வேலை கிடைக்காதவர்கள்தான் வந்தார்கள், பயிற்சி கொடுக்கவும் நேரமில்லை. அதே 1791 ஏப்ரலில் உங்கள் பிறையில் கெடா சுல்தானின் படையைத் தாக்கி ஜெயித்த, பினாங்கின் ஆங்கிலேய நிர்வாகி பிரான்சிஸ் லைட்டிடம் இருந்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் முழுநேரச் சிப்பாய்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

சாப்பாட்டுக்கு வில்லியம் டூயர் என்பவரிடம் குத்தகை விட்டார்கள். அவர் முன்பணத்தை வாங்கிப் பங்கு, பத்திரச் சூதாட்டத்தில் போட்டார். தளவாடப் பொறுப்பாளர் சாமுவேல் ஹாட்ஜன், ஜூலையில் கிளம்ப வேண்டிய படைக்குச் செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தார். கூடாரம் ஒழுகியது, வெடிமருந்து மட்டம், கோட்டை கட்ட மரம் வெட்டலாம் என்றால் கோடாரி போதவில்லை. இதற்குள் குளிர் வந்து குதிரைக்குப் புல்லும் கருகிவிட்டது, ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள், பசித்தவர்கள் சொல்லாமலே ஓடினார்கள்.

அக்டோபர் 31-இல் அப்படி அறுபது பேர் ஓடியபோது, பின்னால் வரும் உணவு வண்டிகளைக் கொள்ளையடித்துவிடுவார்களோ என்று பயந்து, தளபதி ஆர்தர் செயின்ட் கிளேர் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல படைப்பிரிவை அவர்கள் பின்னால் அனுப்பினார். நவம்பர் 4 விடியற்காலை வாபாஷ் ஆற்றங்கரையில் மீதி 1,400 பேர் மாட்டினார்கள். அறுநூறுக்கு மேல் செத்தார்கள்.

ஆனால் ஒன்று, பட்டினியால் மட்டும் தோற்றார்கள் என்று சொல்லிவிடாதீர்கள், அது அநியாயம். லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் தலைமையில் பூர்வகுடியினர் ஏறக்குறைய ஆயிரம் பேர் பிறைவடிவில் சூழ்ந்து, பீரங்கிக்காரர்களையும் அதிகாரிகளையும் முதலில் குறிவைத்துச் சுட்டார்கள். சொந்த மண்ணுக்காக நின்றவர்கள் அவர்கள்.

கேள்வி: யாருக்காவது தண்டனை கிடைத்ததா?
– அதே வாசகர்

பதில்: 1792-இல் நாடாளுமன்றம் விசாரித்தது, அமெரிக்க வரலாற்றில் அப்படிப்பட்ட முதல் விசாரணை அது. தளபதி மேல் தவறில்லை, சப்ளையும் தாமதமும்தான் காரணம் என்றார்கள். டூயர் சிறைக்குப் போனார், ஆனால் இதற்காக இல்லை, வேறு கடன்களுக்காக! அப்புறம் வந்த ஆந்தனி வேய்ன், முறையான சம்பளப் படையை நன்றாகப் பழக்கிவிட்டே 1794-இல் இறங்கி ஜெயித்தார். மறுவருடம் கிரீன்வில் ஒப்பந்தத்தில் அந்த மக்களின் நிலத்தில் பெரும்பகுதி பறிபோனது.