நெல்லையில் நர்ஸ், நர்சிங் அசிஸ்டென்ட் சம்பளம் எவ்வளவு? ஊர் மாறினால் கூடுமா?

தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள், ஓராண்டு நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸில் சேர்க்கலாமா, நெல்லையில் என்ன கிடைக்கும், கேரளாவுக்கோ வெளிநாட்டுக்கோ போனால் எவ்வளவு கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கோர்ஸ் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். மற்ற கேள்விகளுக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

எனக்குப் பாவூர்சத்திரம் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் என்னை ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ படிக்க வைத்தாள். 2014-ல் நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். சம்பளம் 6,500 ரூபாய். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கையில் 4,800 வரும். இரண்டு வருட பாண்ட் என்று அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நைட் டியூட்டியில் 22 நோயாளிகளுக்கு நானும் ஓர் அக்காவும் மட்டும்தான்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓராண்டு அசிஸ்டென்ட் கோர்ஸ் முடித்துவிட்டு அப்போதே ஒன்பது வருடமாக அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டரே அவரைத்தான் கூப்பிடச் சொல்வார். எனக்கு வீன் பிடிக்கக் கற்றுத்தந்தவரும் அவர்தான். அவருக்குச் சம்பளம் 5,000.

இன்றைய நிலவரம் கேட்டால், என்னோடு தென்காசியில் வேலை பார்க்கிற புதுப் பிள்ளைகள், ஜி.என்.எம். ஆனாலும் பி.எஸ்சி. ஆனாலும், 13,000 முதல் 17,000 வரை வாங்குகிறார்கள். அசிஸ்டென்ட் பிள்ளைகளுக்கு 8,000, 10,000. சென்னையில் சில ஆயிரம் கூடத்தான் கிடைக்கும், ஆனால் அதை வாடகையே தின்றுவிடும்.

அரசு வேலை என்றால் ஊர் பெரிய விஷயமில்லை. நிரந்தர ஸ்டாஃப் நர்ஸுக்கு அடிப்படைச் சம்பளமே 35,000-க்கு மேல் தொடங்குகிறது, நெல்லை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் அதுதான், சென்னையிலும் அதுதான். வீட்டு வாடகைப்படி போன்ற படிகள்தான் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அந்த நிரந்தரத்துக்குப் போகிற வழி நீளம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கே தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அதன்பிறகுதான் 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது.

2019-ல் நான் கேரளாவில் கொல்லத்துக்குப் போனேன். அங்கே அடிப்படைச் சம்பளம் மட்டும் 20,000, படியெல்லாம் சேர்த்து 23,000 கிட்ட வந்தது. அதே ஊசி, அதே டிரிப், அதே நைட் டியூட்டி. தென்காசியில் அப்போது எனக்குத் தருவதாகச் சொன்னது 11,000. எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் சம்பளம் இரண்டு மடங்கு! விலைவாசிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எங்கள் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து போகிற காய்தான் அந்தப் பக்கமும் விற்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இரண்டு மடங்கெல்லாம் இல்லை.

உண்மைக் காரணம் வேறு. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை எல்லா மாநிலத்துக்கும்தான் போனது. கேரளாவில் 2011-லிருந்தே யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் என்ற சங்கம் இருந்தது. அவர்கள் விடாமல் வேலைநிறுத்தம் செய்து நெருக்கினார்கள். 2018 ஏப்ரலில் கேரள அரசு 20,000-ஐக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. எனக்குக் கிடைத்த அந்தக் கூடுதல் பணம், முகம் தெரியாத எத்தனையோ சிஸ்டர்கள் ரோட்டில் நின்று வாங்கித் தந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன்.

நான் கிளம்பும்போது அக்கா கேட்டார்: "ஏட்டி, எனக்கும் அங்க ஒரு வேலை பாரேன்." பார்த்தேன். போன உடனே அங்கே கேட்ட முதல் கேள்வி, "கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன?" நர்சுகளைப் பதிவு செய்கிற மாநில அமைப்புதான் கவுன்சில். எனக்குத் தமிழ்நாடு நர்சஸ் கவுன்சில் பதிவு இருந்தது. அதைக் காட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, கேரளா கவுன்சிலில் பதிய நாலு மாதம் அலைந்தேன். அலைந்தாலும் நடந்தது. அக்காவின் ஓராண்டுச் சான்றிதழுக்குக் கவுன்சில் பதிவே கிடையாது. பதினாலு வருட அனுபவமும் அங்கே கணக்கில் வராது. போனால் வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் போகலாம். ஊருக்கு ஊர் சம்பளம் மாறுவது, தாண்டிப் போகப் பேப்பர் கையில் இருப்பவர்களுக்குத்தான் பயன். மற்றவர்களுக்கு உள்ளூரில் கொடுப்பதுதான் சம்பளம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியில் முதியோர் பராமரிப்பில் நர்ஸுக்கு 2025 ஜூலையில் மணிக்குக் குறைந்தது 20.50 யூரோ என்று ஆக்கினார்கள். படிப்பில்லாத உதவியாளருக்கும் 16.10 யூரோ, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு. இது எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. ஆனால் நம் நர்சுகள் அங்கே பதிவு பெற ஜெர்மன் மொழியில் பி2 என்கிற நிலைத் தேர்வை முடிக்க வேண்டும். அமெரிக்காவில் 2023 கணக்குப்படி நர்ஸின் நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 86,070 டாலர், அசிஸ்டென்டுக்கு 38,200. பாதிகூட வரவில்லை. அதற்குள்ளேயே கலிபோர்னியாவில் நர்சுகளின் சராசரி 1,37,690 டாலர், தெற்கு டகோட்டாவில் கிட்டத்தட்ட அதில் பாதி. கலிபோர்னியாவிலும் நர்சுகளின் சங்கம் பலமானது. பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கூடாது என்று சட்டமே உண்டு. 22 பேரைப் பார்த்த எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

வளைகுடா என்று யாராவது ஆசை காட்டினால் நேரே ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள். குவைத், சவுதி போன்ற 18 நாடுகளுக்கு நர்சுகள் போவதை 2015-லிருந்து அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் அனுமதிக்கிறார்கள். நம் மாநிலத்துக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள்.

சரி, தங்கைக்கு வருகிறேன். உயிரியல் படித்திருந்தால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு அரசுக் கலந்தாய்வில் விண்ணப்பிக்கலாம். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். அது அமையாவிட்டால் மூன்று வருட ஜி.என்.எம். வீட்டில் அவ்வளவு காலம் தாங்காது என்றால் இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) பாருங்கள், அதற்கும் கவுன்சில் பதிவு உண்டு. எதற்குமே வழியில்லாமல் ஓராண்டு கோர்ஸில்தான் சேர்க்க வேண்டும் என்றால், அது உள்ளூர் வேலைக்கான படிப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். சேருகிற இடத்தில் முதல் மாதமே பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு எட்டு வருடம் பிடிக்கவே இல்லை.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு கூடியதால் 2023-ல் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது எனக்கு 17,000. அக்கா இன்னும் அதே வார்டில்தான் இருக்கிறார், 10,500 வாங்குகிறார். போன வருடம் அவர் மகளை நர்சிங்கில் சேர்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஆபீஸில் இருந்தவர் ஃபீஸ் விவரத்தை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. "மொதல்ல கவுன்சில் அங்கீகாரப் பேப்பரக் காட்டுங்க சார்" என்றார்.