பூனைக்கு முடி கொட்டுகிறது: எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்?

கேள்வி: நீலகிரியில் கேத்தி பாலாடாவை அடுத்த ஊரில் கேரட்டும் பூண்டும் பயிரிடுகிறேன். பூண்டு காயப்போடும் கொட்டகையில் எலித் தொல்லைக்காக 3 வயதுள்ள பெண் பூனை ஒன்றை வளர்க்கிறோம். மூன்று வாரமாக அதன் காது ஓரத்திலும் நெற்றியிலும் முன்னங்காலிலும் காசு அளவுக்கு வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது. அதிகமாகச் சொறிவதில்லை. இப்போது அதன் குட்டி ஒன்றின் முகத்திலும் அப்படியே வந்திருக்கிறது. இரண்டு முறை நீலகிரித் தைலம் தடவினோம், கேட்கவில்லை. பூண்டை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் மாட்டு உண்ணிக்கு உள்ள மருந்தைக் கொடுத்திருக்கிறார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி கலந்து ஊற்ற வேண்டும்? சிறிய மகளின் கழுத்திலும் ஒரு வட்டம் தெரிகிறது. தேமலாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

பதில்: ஒரு மில்லிகூட ஊற்ற வேண்டாம். நீங்கள் கேட்டது மருந்தின் அளவை. எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. அதற்கு வருவதற்கு முன், உங்கள் கையில் இருக்கும் அந்தப் புட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பூனையின் தோலில் எதைத் தடவினாலும் அது அதன் வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது. மாட்டின் முதுகில் ஊற்றிய மருந்தை மாடு முழுவதுமாக நக்கித் தீர்ப்பதில்லை. பூனையோ விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கிறது. ஆகவே வெறும் வெளிப்பூச்சு மருந்து என்று ஒன்று பூனைக்குக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பொருளைச் செரித்து வெளியேற்றுவதிலும் அதன் கல்லீரல் நம்முடையதைப் போன்றதன்று. பல வேதிப்பொருள்களைக் குளூக்குரோனிக் அமிலத்தோடு இணைத்துக் கழிவாக்கும் திறன் நமக்கும் நாய்க்கும் உள்ள அளவுக்குப் பூனைக்கு இல்லாததால், நமக்கு மறுநாளே வெளியேறிவிடும் நஞ்சு அதன் உடலில் தங்கி நரம்பைத் தாக்குகிறது. மாட்டு உண்ணிக்கு விற்கப்படும் மருந்துகளில் மிகப் பல சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபுளூமெத்ரின் வகையைச் சேர்ந்தவை, அல்லது அமிட்ராஸ். முதல் வகையின் மூலம் ஒரு செவ்வந்தி இனப் பூவில் கிடைத்த பொருள் என்பதால் அது தீங்கில்லாதது என்று சிலர் சொல்வதுண்டு. நம்பாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, முந்தின நாள் மாலை தெள்ளுப்பூச்சிக்காக மாட்டு மருந்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்ட ஒரு பூனையை என்னிடம் காட்டினார்கள். அதன் காதுகள் இரண்டும் தனித்தனியே துடித்துக்கொண்டிருந்தன; மீசை முடிகூட நடுங்கியது; நிற்க முயலும்போதெல்லாம் பின்னங்கால்கள் விறைத்துக்கொண்டு விலகின. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் கொண்டு கழுவித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் அது இறந்துவிட்டது. அந்த மருந்தைக் கொடுத்த கடைக்காரர் பூனையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. உங்கள் கடைக்காரரும் பார்த்திருக்கமாட்டார். முடி கொட்டுகிறது என்று கேட்டதும் அலமாரியில் இருந்ததை எடுத்து நீட்டியிருக்கிறார். உங்கள் பூனைக்கு உண்ணி இருப்பதாக நீங்களே எழுதவில்லையே. அவருடைய உரிமம் மருந்து விற்பதற்குத்தான், நோயைக் கண்டு சொல்வதற்கு அன்று. இதை நான் பயிருக்கு அடிக்கும் வெள்ளைப்பூச்சி மருந்துக்கும் சொல்வேன், பூனைக்கும் சொல்வேன்.

பூண்டு, வேப்பெண்ணெய்க் குழம்பும் வேண்டாம். மேட்டுப்பாளையம் மண்டியில் நல்ல விலைக்குப் போகும் நம் பூண்டு மனிதனுக்கு நல்லதுதான். ஆனால் வெங்காய இனம் முழுவதுமே பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். கொட்டகையில் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே பூனை நடமாடுவதால் கேடில்லை. உடலில் பூசிய விழுதை நக்கினால்தான் கேடு, அதுவும் உடனே தெரியாமல் சில நாள் கழித்து ஈறு வெளுத்துச் சோர்ந்து படுக்கும்போதுதான் தெரியும். தைலத்தை நம் மாவட்டத்தில் எதற்கெடுத்தாலும் தடவுகிறோம். பூனைக்கு அதுவும் நஞ்சு. இனி தடவாதீர்கள்.

இப்போது நோய்க்கு வருகிறேன். வட்டமான திட்டு, காதிலும் முகத்திலும் முன்னங்காலிலும் தொடக்கம், அரிப்புக் குறைவு, தாயிடமிருந்து குட்டிக்குப் பரவல், வீட்டில் ஒரு குழந்தைக்கும் வட்டம் என்று நீங்கள் எழுதிய அத்தனையும் படர்தாமரையைத்தான் காட்டுகின்றன. இது பூஞ்சை நோய். பூனைகளில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையால் வருகிறது. எலிகளிடமிருந்து தொற்றும் வேறொரு பூஞ்சையும் உண்டு என்பதால், எலி பிடிக்கும் பூனைக்கு அந்த வழியும் திறந்தே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், கையுறை அணிந்துகொண்டு, திட்டின் விளிம்பைப் பாருங்கள். அறுவடையான வயலின் தாள்போல முடி குட்டை குட்டையாக ஒடிந்து நின்று, அடியில் சாம்பல் தூவியதுபோல் செதில் இருந்தால் என் ஊகம் வலுப்படும்.

வேறு காரணங்களும் உண்டு. வாலின் அடியிலும் முதுகின் பின்பகுதியிலும் முடி போனால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையை நினையுங்கள்: அங்கே சீப்பால் வாரி, விழும் கரிய தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால், தெள்ளின் எச்சமாக இருக்கும்போது பழுப்புச் சிவப்பாகக் கசியும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். காதுக்குள் காப்பித்தூள் போன்ற அழுக்கு இருந்தால் காதுச் செள் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. காதோரத்தில் தடித்த பொருக்கும் தாங்கமுடியாத அரிப்பும் இருந்தால் சொறி. வயிற்றில் மட்டும் வழவழவென்று முடி போயிருந்தால் பூனை தானே நக்கிப் பிடுங்குகிறது. அரிப்பினாலோ, சிறுநீர்ப்பை வலியினாலோ, பயத்தினாலோ அப்படிச் செய்யும். பனிக்காலத்தில் அடுப்பை ஒட்டிப் படுத்து ஒரு பக்கம் பொசுங்கிய பூனைகளையும் நம் மலையில் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி அடர்த்தி குறைவாக இருப்பது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் மகளை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, வீட்டுப் பூனைக்கும் திட்டு இருக்கிறது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். தேமல் பெரும்பாலும் தட்டையாக வெளுத்திருக்கும்; படர்தாமரையின் விளிம்பு சற்றே மேடாகச் சிவந்து அரிக்கும். கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீட்டுவார்கள். அது சிவப்பையும் அரிப்பையும் நான்கு நாளில் அடக்கிவிட்டுப் பூஞ்சையை அடியில் பரவ விடும். பிறகு வரும் மருத்துவருக்கும் நோயின் உருவம் தெரியாமல் போகும்.

பூனையையும் குட்டிகளையும், திட்டு இல்லாத குட்டி உட்பட, அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். புற ஊதாக் கதிர் விளக்கில் முடி ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தால் நோய் பெரும்பாலும் உறுதி. ஒளிராவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது, முடியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இட்ராகொனசோல் வாய்வழி மருந்தும், நம் பழமரங்களுக்கு அடிப்பதன் இனத்தைச் சேர்ந்த நீர்த்த சுண்ணாம்புக் கந்தகக் குளியலும் அவர் சொல்லக்கூடும். மரத்துக்கு வைத்திருக்கும் கரைசலை நீங்களே கலக்க வேண்டாம், குளியலுக்குப் பின் உடல் உலரும்வரை நக்காமல் தடுக்கும் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை போட வேண்டும். பூனை மறுபடி சினையாக இருக்கலாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்: கிரிசியோஃபல்வின் என்ற பழைய மாத்திரை வயிற்றில் உள்ள குட்டிகளின் உருவத்தைக் கெடுக்கும். வெறிநோய்த் தடுப்பூசியையும் அன்றே போட்டுவிடுங்கள். வெறிநோய்க்கெனத் தொடங்கிய பாஸ்டர் நிலையம் 1907 முதல் குன்னூரில் இருந்தும் நம் மாவட்டத்துப் பூனைகளுக்கு அதைக் கேட்டுப் போடுவோர் குறைவு.

பூனையை விரட்ட வேண்டியதில்லை. உடல்நலமுள்ள பெரிய பூனைக்கு இந்நோய் சில மாதங்களில் தானாகவே ஆறும். அதற்குள் உதிரும் முடி வீடெங்கும் பூஞ்சையின் வித்துகளைப் பரப்பிவிடும் என்பதால்தான் மருத்துவம் தேவைப்படுகிறது. அந்த வித்து ஓர் ஆண்டையும் தாண்டி உயிரோடு கிடக்கும். ஆகவே அவற்றைத் தனி அறை ஒன்றில் வைத்து, பூனை படுத்த சாக்குகளை எரித்துவிடுங்கள். பூண்டு நிரப்பி மண்டிக்கு அனுப்பாதீர்கள். அறையில் முதலில் முடியைக் கூட்டி அள்ளி, சோப்பு நீரால் துடைத்து, பிறகு பூனை இல்லாத நேரத்தில் குளோரின் நீரால் துடைத்து உலர விடுங்கள். பினாயில் வேண்டாம், அதுவும் பாதம் வழியாக நாக்குக்குப் போகும். கொட்டகைக்கு இரண்டு மாதம் எலிப்பொறி வையுங்கள். பூனை திரும்பி வரப்போகும் இடத்தில் எலி மருந்து வைக்கக்கூடாது.

கடைக்காரர் கொடுத்த புட்டியைத் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள். ஒருவேளை இதைப் படிப்பதற்குள் ஊற்றியிருந்தால், உடனே சோப்பிட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, குளிர் தாக்காமல் துடைத்து, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். லேபிளில் உள்ள மருந்தின் பெயர் அவருக்குத் தேவைப்படும்.