தண்ணீர்த் தட்டுப்பாட்டு அறிவிப்பு: ‘பங்கீடு’ சரியா, ‘விநியோகம்’ சரியா?

‘பங்கீடு’ என்றே எழுதுங்கள். குறைவாக உள்ளதை ஆளுக்கு இவ்வளவு என்று அளவு கட்டிக் கொடுப்பது அது, பேச்சில் ரேஷன். விநியோகம் என்பது கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும், அதில் உச்சவரம்பு இல்லை. இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால்தான் குழப்பம் வந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் ‘தலைக்கு இவ்வளவு’ சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் பங்கீடு. ‘நாளை தண்ணீர் விநியோகம் இல்லை’ என்பதில் அது ஒட்டாது.

அடுத்த சொல் சேரும்போது டகரம் இரட்டிக்கும்: பங்கீட்டு முறை, பங்கீட்டு அளவு. ‘பங்கீடு முறை’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். சொத்துப் பங்கீடு, லாபப் பங்கீடு என்னும்போது தட்டுப்பாடு எதுவும் இல்லை, பாகம் பிரிப்பதுதான். வெறும் ‘தண்ணீர்ப் பங்கீடு’ என்று தலைப்பிட்டால் உரிமைத் தகராறு போலத் தோன்றலாம். அளவையும் சேர்த்து எழுதுங்கள்: ‘தண்ணீர்ப் பங்கீடு: வீட்டுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர்’.