பொய்ப் புகாரிலிருந்து விடுதலை: நஷ்டஈடு கிடைக்குமா?

கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்: பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த அடிதடிப் புகாரால் நாலு வருஷமாகக் கோர்ட்டுக்கு அலைகிறேன். அடுத்த மாதம் தீர்ப்பு. விடுதலையானால் அவரிடம் பணம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு அல்ல, இப்போதே. மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வழக்கில், குற்றம்சாட்ட நியாயமான காரணமே இல்லை என்று அவருக்குத் தோன்றினால், விடுதலை உத்தரவிலேயே புகார்தாரரிடம் ‘ஏன் நஷ்டஈடு தரக்கூடாது?’ என்று விளக்கம் கேட்கலாம். ஆள் கோர்ட்டில் இருந்தால் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சம்மன் போகும். ஆகவே எழுத்துப்பூர்வ வாதத்திலேயே இந்தக் கோரிக்கையைச் சேர்க்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். எங்களில் பலர் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் இதைக் கேட்பதே இல்லை.

கிரிமினல் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் இது பிரிவு 273. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 50,000 ரூபாய் வரை கொடுக்க வைக்கலாம். ஆனால் 2024 ஜூலை 1-க்கு முன்பே விசாரணையில் இருந்த உங்கள் வழக்குக்கு, அதற்கு முன்பிருந்த சிஆர்பிசி சட்டத்தின் பிரிவு 250-தான். உச்சவரம்பு 10,000. கட்டாவிட்டால் 30 நாள் வரை சாதாரணச் சிறை.

ஓட்டுநர், சேலம்: ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று என் தீர்ப்பில் இருக்கிறது. பரவாயில்லையா?

சிக்கல்தான். நிரூபிக்கவில்லை என்பது வேறு, புகாரே பொய் என்பது வேறு. குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் உச்ச நீதிமன்றமே 2014-ல் விடுவித்தவர்கள் நஷ்டஈடு கேட்டபோது, 2016-ல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

முன்னாள் ஊழியர், ஓசூர்: வேலையே போய்விட்டது. பத்தாயிரத்தை வைத்து என்ன செய்வது?

சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குப் போடலாம். வழக்குக்குக் காரணமானவர் அவர், வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்தது, நியாயமான காரணம் இல்லை, கெட்ட எண்ணம் இருந்தது: இந்த நாலையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். கெட்ட எண்ணத்தில்தான் பெரும்பாலும் வழுக்கும். பழைய நிலத்தகராறு, மிரட்டல் மெசேஜ் என்று எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். சம்பளச் சீட்டு, பணிநீக்கக் கடிதம், வக்கீல் ஃபீஸ் ரசீதும் வேண்டும். விடுதலையான நாளிலிருந்து ஒரே வருஷம்தான் கெடு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

மாணவர், மதுரை: பொய் வழக்குப் போட்டதே போலீஸ் என்றால்?

அரசை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவு வழக்கில் 1994-ல் கைதானார். அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று 1996-லேயே சிபிஐ சொன்னது. கேரள அரசு 50 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல். அவருக்கே அத்தனை வருஷம்! அதே 2018-ல் சட்ட ஆணையம் தன் 277-வது அறிக்கையில், பொய் வழக்கில் சிக்கியவர்களுக்கு நஷ்டஈடு தரத் தனி ஏற்பாடு கேட்டது. அடுத்து வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் அது இடம்பெறவில்லை.

இல்லத்தரசி, கரூர்: என் கணவரைக் காரணமில்லாமல் கைது செய்ய வைத்தவரிடம் பணம் கேட்கலாமா?

கேட்கலாம். பிஎன்எஸ்எஸ்ஸில் இதற்குப் பிரிவு 399 இருக்கிறது. அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். பழைய சட்டத்தில் இருந்த அந்தத் தொகையைப் புதிய சட்டத்திலும் உயர்த்தவில்லை.