வாசகர் கேள்வி பதில் (கொரோனா காலம், 2021 செப்டம்பர்): துணி மாஸ்க் போதுமா?

கேள்வி: என் மகள் தருமபுரியில் எம்.எஸ்சி. படிக்கிறாள். 2021 செப்டம்பர் 1-ல் கல்லூரி திறந்ததிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பழைய வேட்டியில் நான் தைத்துக் கொடுத்த மாஸ்க்கைத்தான் போடுகிறாள். அது போதுமா, என்-95 வாங்கித் தரட்டுமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, நீங்கள் தைத்தது எத்தனை அடுக்கு? அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அந்தத் துணி போதாது, வேட்டி நைந்துபோயிருந்தால் பெரும்பாலும் தெரியத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் மூன்று அடுக்கு சொன்னது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பாலிப்ரோப்பிலீன் துணி, வெளியே தண்ணீர் ஒட்டாத பாலியஸ்டர் மாதிரித் துணி. அதைவிட முக்கியம், மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்திலும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். மூக்குக்கு மேலே ஒரு சின்னக் கம்பி வைத்துத் தைத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை வகுப்பைவிட பஸ்தான். மழை வந்தால் எல்லா ஷட்டரையும் இறக்கிவிடுகிறார்கள், படி வரைக்கும் கூட்டம், அந்த அரை மணி நேரத்துக்கு மட்டுமாவது உள்ளே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க், அதன் மேல் உங்கள் துணி மாஸ்க் என்று போடச் சொல்லுங்கள். மேலே இருக்கும் துணி சர்ஜிக்கல் மாஸ்க்கின் ஓரங்களை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். கல்லூரியில் இறங்கியதும் மாற்றிக்கொள்ள காய்ந்த மாஸ்க் ஒன்று பையில் இருக்கட்டும், கழற்றியது தனிக் கவரில். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள்.

என்-95 வாங்க முடிந்தால் வாங்குங்கள், பாதுகாப்பு அதில் அதிகம்தான். ஆனால் துவைக்கவே கூடாது. அதன் இழைகளில் இருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது, சோப்புத் தண்ணீரில் அது போய்விடும். வால்வு வைத்தது வேண்டாம்: மூச்சு வடிகட்டாமல் அப்படியே வெளியே போகும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை இதைச் சொல்லிவிட்டது.

கேள்வி: கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்டாகிவிட்டது. கேன்டீனில் எப்படியும் எல்லோரும் கழற்றுகிறோம். அப்புறம் வகுப்பில் மட்டும் எதற்கு?
– மாணவர், பென்னாகரம்

பதில்: ஊசி போட்டவருக்கும் இப்போது (2021) பரவும் கொரோனாவின் டெல்டா வகை தொற்றும் தம்பி. உங்களுக்கு லேசான சளியோடு போய்விடலாம், ஆனால் அந்த இரண்டு மூன்று நாளில் உங்களிடமிருந்து மற்றவருக்குப் போகும். துணி மாஸ்க் முக்கியமாகத் தடுப்பது போட்டவர் வாயிலிருந்து வெளியே வருவதைத்தான், அதனால் நீங்கள் போட்டால் பக்கத்து பெஞ்சுக்காரருக்குப் பலன், அவர் போட்டால் உங்களுக்கு. உங்கள் வகுப்பிலேயே முதல் ஊசியோடு நிற்பவர்கள் இருப்பார்கள், கோவிஷீல்டு தடுப்பூசியில் இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும் என்பது 2021 விதி. அவர்கள் சாயங்காலம் போவது பாட்டி தாத்தா இருக்கிற வீட்டுக்கு. மாஸ்க் போடாவிட்டால் அபராதம் 200 ரூபாய் (2021-ல்) என்பதற்காக தாடையில் மாட்டிக்கொண்டு திரிவதில் யாருக்கும் பயன் இல்லை. கேன்டீனில் சாப்பிடும்போது சாப்பிடுங்கள், அரட்டையை வெளியே மரத்தடிக்கு வந்து மாஸ்க்கோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாஸ்க்கோடு பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை. பேசும்போது மட்டும் கழற்றலாமா?
– கௌரவ விரிவுரையாளர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டாம் சார். சத்தமாகப் பேசும்போதுதான் வாயிலிருந்து துளிகள் அதிகம் தெறிக்கும். துறைக்கு ஒரு காலர் மைக் வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், வரும்வரை முக்கியமான வரிகளை போர்டில் எழுதுங்கள். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். வகுப்பில் காது கேட்காத பிள்ளை யாராவது இருந்தால் உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாடத்தைப் பிடிப்பார், அவருக்காக வாய்ப்பகுதியில் பிளாஸ்டிக் ஷீட் வைத்துத் தைத்த மாஸ்க் ஒன்றை டெய்லரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.