வெளிநாட்டுச் சுற்றுலாவில் ஒரு பகல் முழுக்க ரயிலிலேயே போனால் அந்த நாள் வீண்தானா?

மனைவியுடன் சுவிட்சர்லாந்து பார்த்துவிட்டு மிலான் போக வேண்டும், கையில் இருப்பதோ சில நாள்தான், அதில் ஒரு பகலை ரயிலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வேகமான ரயிலுக்குக் கொடுக்காதீர்கள்.

சூரிக்கிலிருந்து மிலானுக்கு நேர் ரயில் இருக்கிறது. மூன்றேகால் மணி நேரம் அளவில் கொண்டுபோய் விட்டுவிடும். வழியில் 2016இல் திறந்த கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம், 57 கிலோமீட்டர். ஆல்ப்ஸ் மலை முழுவதும் தலைக்கு மேலே இருக்கும், சன்னலில் இருட்டுதான் தெரியும். அவசர வேலையாகப் போகிறவர்களுக்குச் சரி. விடுமுறையில் போகும் இருவருக்கு அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

நானும் என் கணவரும் போனது கூர் நகரத்திலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வழியாக இத்தாலி எல்லையைத் தாண்டி தீரானோ வரை. ரேட்டியன் ரயில்வேயின் அல்புலா, பெர்னினா மலைப்பாதைகள் இவை. சூரிக்கிலிருந்து கூர் ஒன்றேகால் மணி நேரம். கூரிலிருந்து தீரானோ நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். நடுவில் இறங்கி ஏறினால் பகல் முழுக்க ஆகும். இறங்கி ஏறத்தான் வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாதை.

இதில் ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்று கூரை வரை கண்ணாடி வைத்த வண்டி ஓடுகிறது. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதற்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், தனிக் கட்டணம். அதே தண்டவாளத்தில் மணிக்கொன்றாக சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன, அவற்றுக்கு முன்பதிவு வேண்டாம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் தீரானோ வரை அதுவே போதும். சாதாரண வண்டியின் சில பெட்டிகளில் சன்னலைக் கீழே இறக்கலாம். மலைக்காற்றும் மர வாசனையும் உள்ளே வரும், கண்ணாடியில் நம் முகம் தெரியாமல் படம் எடுக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் உயர்ந்த வகுப்பு.

வலப்பக்கம் உட்காருங்கள். தூசிஸ் தாண்டிய பிறகு பள்ளத்தாக்கு நெருங்கிவரும், அப்புறம் ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் லாண்ட்வாசர் பாலம். 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள், எல்லாம் கல். சாரம் கட்டாமலே 1902இல் கட்டி முடித்தார்கள். பாலமே வளைந்து போவதால் நம் வண்டியின் முன்பெட்டிகள் நம் கண்ணெதிரே செங்குத்தான பாறைக்குள் நுழைவதைப் பார்க்கலாம். சில நொடிகள்தான். அதனால் ஃபிலிசூரை நெருங்குகிறோம் என்று தெரிந்ததும் செல்போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பாருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வரும் பெர்க்யூன்–ப்ரேடா ஏற்றம். இரண்டு ஊருக்கும் உயர வித்தியாசம் 400 மீட்டருக்கு மேல். நேராக ஏற முடியாது என்பதால் மலைக்குள்ளேயே சுரங்கம் குடைந்து பாதையைச் சுற்றிச் சுற்றி ஏற்றியிருக்கிறார்கள். கீழே விட்டுவந்த கிராமம் மறுபடி மறுபடி சன்னலில் வரும், ஒவ்வொரு முறையும் இன்னும் சின்னதாக. எந்தத் திசையில் போகிறோம் என்பதே பிடிபடாது.

என் கணவருக்குச் சொந்த ஊர் குன்னூர். நீலகிரி மலை ரயிலின் சத்தம் கேட்டு வளர்ந்தவர். இப்போது மருந்துக் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அப்படிப்பட்டவர் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் வண்டி நின்றதும் இறங்கி, நடைமேடை ஓரத்தில் குனிந்து தண்டவாளத்துக்கு நடுவில் எதையோ தேடினார். “ஏங்க, என்ன விழுந்துச்சு?” என்று கேட்டேன். “ஒண்ணும் விழல. பல்சட்டம் இருக்கான்னு பாத்தேன். இல்லவே இல்ல” என்றார். அந்த இடம் 2,253 மீட்டர் உயரம், ஊட்டி நிலையத்தைவிட உயரம். நம் நீலகிரிப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை, தண்டவாளத்துக்கு நடுவில் பதித்த பல் வைத்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துத்தான் வண்டி ஏறும், அதுதான் பல்சட்டம், 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பெர்னினாவில் 1,000 மீட்டருக்கு 70 மீட்டர் வரை ஏறுகிறது. கிட்டத்தட்ட அவ்வளவு செங்குத்தை வெறும் சக்கரப் பிடிமானத்தில் ஏறுகிறார்கள், அதுவும் 1910இல் முழுப்பாதையும் திறந்த நாளிலிருந்தே மின்சாரத்தில். நீலகிரிப் பாதை 2005இலும் இந்தப் பாதை 2008இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மீண்டும் ஏறி உட்கார்ந்ததும், அவர் அப்பாவோடு ரன்னிமேட்டில் இறங்கி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதை அது.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். சுற்றுலாவின் மற்ற நாட்களில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் எங்கே சாப்பிடுவது என்று தேடிக்கொண்டிருப்பார். அடுத்து என்ன, அடுத்து என்ன என்பதிலேயே பேச்சு தீர்ந்துவிடும். ரயிலில் முடிவு எடுக்க எதுவும் கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும், பேசாமல் இருந்தாலும் சங்கடம் இல்லை. உங்கள் மனைவிக்கும் உங்களுக்கும் அந்த நாலைந்து மணி நேரம் கிடைப்பது பெரிய விஷயம்.

ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தை ஒட்டி இருப்பது லாகோ பியாங்கோ ஏரி. பனிப்பாறை அரைத்த கல்தூள் கலந்து பால் விட்டது போன்ற நிறம். அதற்குச் சற்று வடக்கே இன்னொரு சிறிய ஏரி. அதன் தண்ணீர் இன், டான்யூப் ஆறுகள் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. லாகோ பியாங்கோவின் தண்ணீர் இத்தாலிக்கு இறங்கி ஏட்ரியாட்டிக் கடலில் சேர்கிறது. இரண்டையும் ஒரே சன்னலில் பார்த்துக்கொண்டே கடந்தோம்.

எங்கே இறங்கலாம்? நேரமிருந்தால், ஓஸ்பிட்சியோவுக்கு முன்பே வரும் மோர்டெராட்ச் நிலையம். பழைய நாளில் பனிப்பாறையின் நுனி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று நடைபாதை நெடுக பலகை நட்டிருக்கிறார்கள். மனசு கனத்துப்போகும், ஆனாலும் பார்க்க வேண்டியது. ஒரே ஓர் இடம்தான் முடியும் என்றால் ஆல்ப் க்ரூம். 2,091 மீட்டரில் ஒரு கல் கட்டடம், அதிலேயே உணவகம், சாலை வழியே கார் போகாது. எதிரே பாலு பனிப்பாறை, கீழே ஆயிரம் மீட்டர் ஆழத்தில் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு. அடுத்த வண்டி வரும்வரை அங்கேயே இருங்கள். நாங்கள் போன அக்டோபரில் லார்ச் மரங்கள் மொத்தமும் மஞ்சளாக மாறியிருந்தன. கூரில் தங்கிய இடத்தில் சமையலறை இருந்ததால், ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். அங்கே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாதாரண வண்டியிலும் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒன்று கவனம்: சிறிய நிலையங்கள் பலவற்றில் கேட்டால்தான் வண்டி நிற்கும். இறங்குவதற்கு முன் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.

அதன்பின் இறக்கம். ப்ருசியோவில் ஒன்பது வளைவுகள் கொண்ட வட்டப்பாலம், வண்டி முழுச்சுற்று சுற்றித் தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும். தீரானோ 429 மீட்டர்தான், ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். ஊருக்குள் தெருவோடு தெருவாக டிராம் போல ஓடி, மதோன்னா பேராலயத்தின் முன்னால் திரும்பும். சைவம் என்றால் பிட்சோக்கேரி கேளுங்கள். பாப்பரை (buckwheat) மாவு நூடுல்ஸில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி, வெண்ணெய் போட்டது, அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தச் சாப்பாடு. இருவருக்கு ஒரு தட்டே போதுமானதாக இருந்தது.

மிலானுக்கான இத்தாலி ரயில் நிலையம் அதே இடத்தில் பக்கத்துக் கட்டடம். சுவிஸ் பாஸ் அங்கே செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை பதியுங்கள், இல்லாவிட்டால் அபராதம். ஒரே ஷெங்கன் விசா இரு நாட்டுக்கும் போதும், ஆனால் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போடாமல் கையிலேயே வையுங்கள். மிலான் இரண்டரை மணி நேரம். கோமோ ஏரியின் கிழக்குக் கரையோரமாகப் போகும், அங்கேயும் வலப்பக்கம்தான்.