அம்மாவின் கண் மாத்திரையை அப்பாவும் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, உலர் வகை, நடுத்தர நிலை என்று சொல்லி ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிளாகோமா (கண் அழுத்த நோய்) உள்ள அப்பாவும் அதையே போட்டுக்கொண்டு, சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். இது சரியா?

பதில்: முதலில் அப்பா. சொட்டு மருந்தை இன்றிரவே மறுபடி விடச் சொல்லுங்கள். கிளாகோமாவில் பெரும்பாலும் வலி இருக்காது, ‘நன்றாகத்தானே தெரிகிறது’ என்றே தோன்றும். ஆனால் போன பார்வை திரும்பாது. கண் அழுத்தத்தைக் குறைப்பதுதான் அதற்கு நிரூபணமான வைத்தியம், அந்த வேலையை இந்த மாத்திரை செய்யாது. எத்தனை நாள் நிறுத்தினார் என்பதை மறைக்காமல் அவருடைய டாக்டரிடம் சொல்லி, அழுத்தத்தை அளந்து பார்க்கட்டும். திட்டு விழும், வாங்கிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு மாத்திரை பொருத்தமானதுதான். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஏரெட்ஸ் ஆய்வு 2001-இல் வெளியானது. அம்மாவின் நிலையில் இருந்தவர்களுக்கு, ஐந்தாண்டுகளில் நோய் முற்றும் அபாயம் சுமார் 25 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதான், மங்கிய பார்வை தெளியாது, கண்புரையும் நிற்காது. அதனால் ‘ஒரு மாசமா போடுறேன், ஒண்ணும் தெரியலையே’ என்று அம்மா விட்டுவிடக் கூடாது.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி., லூட்டின் 10 மி.கி., ஸியாஸாந்தின் 2 மி.கி. (கடைசி இரண்டும் கீரைகளில் இருக்கும் நிறச்சத்துகள்) என்பது 2013-இல் வந்த இரண்டாம் ஆய்வின் அளவு. துத்தநாகம் 25 மி.கி. இருந்தாலும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில மாத்திரைகளில் எல்லாமே பெயருக்குத்தான் இருக்கும். பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதால், லூட்டின் அந்த இடத்துக்கு வந்தது. அம்மா ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டால், வைட்டமின் ஈ பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துத்தநாகம் வயிற்றைப் புரட்டும், சாப்பிட்ட பிறகே போடட்டும்.

முருங்கைக்கீரையில் லூட்டின் உண்டு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது மாத்திரைக்கு ஈடாகாது.

அப்புறம் ஒரு பழக்கம். தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த பாட்டி ஒருவருக்குக் கோலத்தில் இழை கோணிக்கொண்டே போனது. கை நடுக்கம் என்று வீட்டில் நினைத்தார்கள். விழித்திரைக்கு அடியில் ரத்தநாளம் கசிந்திருந்தது. கம்பி வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள். அந்தக் கட்டத்தில் மாத்திரை போதாது, கண்ணில் ஊசி போட வேண்டியிருக்கும்.